சுரங்க வண்டிக்குக் காட்டிய கற்பூரம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சொன்னால் ஒருவருக்கும் புரிவதில்லை. "கம்பெனில வேல" என்று நிறுத்திக்கொண்டால் ஒரகடம் பக்கத்தில் பேச்சு அதோடு முடிந்துவிடும். இங்கே எல்லோருக்கும் கம்பெனியில்தான் வேலை. ஒருவர் கார் செய்கிறார், ஒருவர் லாரி செய்கிறார், இன்னொருவர் அந்த லாரிக்கு சீட் தைக்கிறார். நாங்கள் செய்வது சுரங்கத்துக்குள் போய்க் கல் அள்ளும் வண்டி. அந்த வண்டி தீப்பிடிக்காமல் இருக்க என்னென்ன மாட்ட வேண்டுமோ அதையெல்லாம் மாட்டுவது என் வேலை.

வல்லக்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் ஓனரக்கா ஒருநாள் விடாமல் கேட்டார்.

"அப்ப தீ புடிச்சா நீதான் போய் அணைப்பியா?"

"இல்லக்கா. தீ புடிக்காம பாத்துக்கிறதுதான் என் வேல."

"புடிக்கவே இல்லன்னா உனுக்கு அங்க இன்னா வேல கீது?"

நான் துணி காயப்போடப் போய்விட்டேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கம் ஏரிப் பிரதேசம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், சுரங்கத்துக்கு எங்கே போவது? நான் பூமிக்கடியில் இறங்கிய அதிகபட்ச ஆழம் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். அதுவும் பாசி கழுவ இறங்கியது. எங்கள் லைனில் வேலை செய்கிற யாருமே சுரங்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத இடத்துக்குப் பார்த்துப் பார்த்து வண்டி செய்துகொண்டிருந்தோம்.

எங்கள் வண்டிகள் போவது துத்தநாகம், செம்பு, தங்கம் எடுக்கிற சுரங்கங்களுக்கு. நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டுகிற பொருளே எரியும். இங்கே பெரும்பாலும் அப்படியில்லை, கல் சும்மா கிடக்கும். எரிவதெல்லாம் மனிதர்கள் உள்ளே கொண்டுபோனவைதான்: டீசல், ஆயில், டயர், வயர், துடைத்துப் போட்ட துணி. பயிற்சி கொடுக்க வந்தவர் இதைச் சொன்ன அன்று எனக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் தீயை இங்கிருந்து நாம்தான் பார்சல் கட்டி அனுப்புகிறோமா என்று எழுந்து கேட்டேன். "கிட்டத்தட்ட அப்படித்தான்மா" என்றார். அன்றிலிருந்து நான் இந்த வேலையை விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

வண்டி குள்ளமானது, நீளமானது. முன்னால் கல் அள்ளும் பெரிய வாளி, பின்னால் இன்ஜின். இன்ஜினில் டர்போ என்று ஒன்று உண்டு. ஓட ஓட அது அடுப்பில் வைத்த தோசைக்கல்லைவிட மோசமாகக் காயும். அதற்குக் கொஞ்சம் தள்ளி, அழுத்தத்தோடு ஆயில் ஓடுகிற ரப்பர் ஹோஸ்கள். ஏதாவது ஒரு ஹோஸ் எங்கேயோ உரசி உரசி ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஆயில் பனிபோலப் பீய்ச்சி டர்போவின் மேல் விழும். மிச்சக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஹோஸ் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். நடுவில் ஒரு தகடு. டர்போவுக்கு ஒரு போர்வை, ஹோஸுக்கு ஓர் உறை. வயரையும் ஹோஸையும் சேர்த்துக் கட்டவே கூடாது. இத்தனையும் மீறித் தீ வந்தால் என்ன செய்வது என்பதற்குக் கடைசியாக ஒன்று இருக்கிறது. இன்ஜினுக்கு மேலே ஒரு சிவப்புக் குழாய் வளைந்து வளைந்து போகும். அதன்மேல் நெருப்பு பட்டால் குழாய் வெடிக்கும், உடனே பக்கத்தில் இருக்கும் சிலிண்டர் திறந்து நாலாபக்கமும் நுரையை அடிக்கும். அதையும் நான்தான் மாட்டுகிறேன். எத்தனையோ மாட்டியாயிற்று, ஒன்றாவது வேலை செய்து நான் பார்த்ததில்லை. இது ஒருநாளும் வேலை செய்ய வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே மாட்டுகிற சாமான் அது.

இப்போது என் வீட்டுக்காரருக்கு வருகிறேன். அவருக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஏழெட்டுப் பேரோடு ஒரே அறையில் தங்கி வேலைக்கு வந்தவர். எங்கள் கம்பெனியிலேயே, முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் யார்டில் இருந்தார். நான் மாட்டிய ஹோஸில் ஆயில் கசிகிறது என்று சண்டைக்கு வந்தார். கசியவில்லை, அவர் கை ஆயில்தான் அதில் ஒட்டியிருந்தது என்று நான் நிரூபித்தேன். அடுத்த வருடம் கல்யாணம். வெளியே எல்லோரிடமும் நான் அவரை அவர் இவர் என்றுதான் சொல்வேன். வீட்டுக்குள் "யோவ்"தான்.

அந்த மனிதருக்கு ஓர் ஆசை வந்தது. ராஜஸ்தானில் ஒரு துத்தநாகச் சுரங்கத்துக்கு எங்கள் புது மாடல் வண்டி போகவிருந்தது. கூடவே ஓர் ஆள் போய் ஒரு வருடம் அங்கே இருந்து, தினமும் சுரங்கத்துக்குள் இறங்கி வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் போகிறேன் என்று இவர் கையைத் தூக்கிவிட்டார்.

"ஏட்டி, இத்தன வருசமா வண்டிய ஓட்டிப் பாத்து அனுப்புதேன். அது வேலை செய்யுத எடத்த ஒரு தடவகூடப் பாத்ததில்ல. எனக்குப் பாக்கணும்னு இருக்காதா?"

நியாயமான ஆசைதான். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. "நீ சரின்னு சொன்னாதான் போவேன். இல்லன்னா பேரக் குடுக்க மாட்டேன்" என்று அவர் முடிவை என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். நான்தான் புரண்டுகொண்டிருந்தேன்.

என் பயம் சுரங்கத்தைப் பற்றியது என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை. என் பயம் அவரைப் பற்றியது. தீயைப் பொறுத்தவரை என் வீட்டுக்காரரைப் போல ஆபத்தான ஆளை நான் கண்டதில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்ப்பார். போனை சார்ஜில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். கொசுவத்தியை ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் ஏற்றுவார். ஆயில் துடைத்த பஞ்சை பேண்ட் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவருவார். நாள் முழுக்கக் கம்பெனியில் யாரோ முகம் தெரியாதவர்களுக்காகத் தீயைத் தடுத்துவிட்டு வந்து, ராத்திரி வீட்டில் மறுபடி அதே வேலையை நான் சம்பளமில்லாமல் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு மேல் அவருடைய மூக்கு வேறு. பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: சுரங்கத்தில் ஆளைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். உள்ளே காற்று போகிற வழியெல்லாம் புகையும் போகும். எங்கேயோ ஒரு மூலையில் வண்டி எரிந்தால், அதைப் பார்க்காதவர்களுக்கும் ஆபத்து. அதனால் தீ என்று தெரிந்ததும் உள்ளே போகும் காற்றில் ஒரு நாற்றத்தைக் கலந்து விடுவார்களாம், கேஸ் சிலிண்டர் கசிந்தால் வருமே அந்த மாதிரி நாற்றம். மூக்கில் பட்டதும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுப் பத்திரமான அறைக்குப் போய்விட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் வீட்டுக்காரர் சைனஸ் ஆசாமி. பால் தீய்ந்து பாத்திரம் கருகி மாடிப்படி வரை நாறும்போது, "என்னட்டி, ஏதாச்சும் மணக்கா?" என்று கேட்பவர் அவர்.

அந்தக் கிருத்திகைக்கு இரண்டு பேரும் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போனோம். நல்ல கூட்டம். அவர் கண்ணை இறுக்கி மூடி நெடுநேரம் நின்றார். நானும் விடவில்லை, அவரைவிட அதிக நேரம் நின்றேன். வெளியே வந்து செருப்பு போடும்போது கேட்டேன்.

"இன்னா வேண்டிகின?"

"ஒனக்கு நல்ல புத்தி வரணும்னு. நீ?"

"உனுக்கு அந்தப் புத்தி போவணும்னு."

"வெளங்கும். ஒரே சாமிகிட்ட ரெண்டு பேரும் ரெண்டு மாதிரி கேட்டா அவரு என்னதான் செய்வாரு?"

"நான் இந்த ஊர்க்காரி. லோக்கல் ஆளுக்குத்தான் முதல்ல பாப்பாரு."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். ஆனால் இரண்டு பேருமே இறங்கி வரவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான். அந்த வண்டி லைனில் நகர்ந்து என் ஸ்டேஷனுக்கு, அதாவது நான் நின்று மாட்டுகிற இடத்துக்கு, வந்தபோது அதை ஒரு வழி பண்ணிவிட்டேன். போகப் போவது என் வீட்டுக்காரரோ வேறு யாரோ, யாராக இருந்தாலும் இதில் ஒரு ஹோஸ்கூட இன்னொன்றை உரசக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினேன். லைன் லீடர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாக்கா, பொண்ணுக்கு ஜட பின்றியா? அடுத்த வண்டி நின்னுகினு கீது!" என்றார். நிற்கட்டும் என்றேன். அவர் நல்ல மனிதர், பக்தர். நெற்றியில் குங்குமம் இல்லாமல் லைனுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். இவருடைய பக்தியால்தான் பின்னால் எல்லாம் நடந்தது.

வண்டியைப் பரிசோதித்து வாங்கிப் போக சுரங்கத்திலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். கனத்த மீசை, கனத்த உடம்பு, இந்தி மட்டும்தான். எங்கள் டிசைன் பிரிவுப் பெண் மொழிபெயர்த்தாள். அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு ஹோஸாகத் தொட்டுப் பார்த்தார், தரையில் படுத்து அடியிலும் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஏதாவது கேட்க வேண்டுமா என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். நான் கேட்டேன்.

"சார், அந்த நாத்தம் விடுவீங்களே, அது மூக்கு வேல செய்யாத ஆளுக்கு எப்டி தெரியும்?"

டிசைன் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேனேஜர் என்னை முறைத்தார். சற்றுத் தள்ளி நின்றிருந்த என் வீட்டுக்காரர் மேலே ஓடும் கிரேனைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. உள்ளே யாரையும் தனியாக விடுவதில்லை, ரேடியோவிலும் சொல்வார்கள், ஜலதோஷம் எல்லோருக்கும் வருகிறதுதானே, அதையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறோம் என்றார். எனக்கு மனசு பாதி ஆறியது. மீதிப் பாதி ஆறவில்லை. மூக்குக்கு ரேடியோ இருக்கிறது. மறதிக்கு என்ன இருக்கிறது?

மத்தியானம் லாரி வந்தது. எங்கள் கம்பெனியில் எந்த வண்டியும் பூஜை போடாமல் கேட்டைத் தாண்டாது. வாளிக்குச் சந்தனம், குங்குமம், பெரிய மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசணிக்காயும் தயாராக இருந்தது. நுரை சிலிண்டரைப் பூட்டி வைக்க ஊசி மாதிரி ஒரு பின் உண்டு. அது போட்டிருந்தால் சிலிண்டர் வேலை செய்யாது. பரிசோதனைக்காகப் பின்னை எடுத்துவிடுவோம், பூஜை முடிந்து லாரியில் ஏற்றுவதற்கு முன் மறுபடி போடுவோம். எப்போதும் அதுதான் வழக்கம். அன்றும் அப்படித்தான்.

லைன் லீடர் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். வாளிக்குக் காட்டினார், சக்கரங்களுக்குக் காட்டினார், டிரைவர் சீட்டுக்குக் காட்டினார். இன்ஜினுக்கும் காட்டணும் என்று யாரோ சொல்ல, பின்பக்கக் கதவைத் திறந்தார்கள். அங்கே வந்ததும் கற்பூரம் அணைந்துவிட்டது. ஷெட்டில் ஆளுயர ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. பூஜையில் கற்பூரம் அணைந்தால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லோர் முகமும் மாறிவிட்டது. ஃபேனை நிறுத்தினால் முடிந்துபோயிருக்கும். ஆனால் அவர் பக்திப் பரவசத்தில், காற்றுப் படாத இடமாகப் பார்த்துத் தட்டை இன்ஜின் அறைக்குள்ளேயே வைத்து, கையில் மிச்சமிருந்த கற்பூரத்தை மொத்தமாகக் கொட்டி ஏற்றிவிட்டார்.

எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. "அண்ணா, அங்க வெக்காதீங்க" என்று கத்தினேன். மணியும் ஃபேனும் போட்ட சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. சுடர் ஜெகஜோதியாக எழுந்து என் சிவப்புக் குழாயைத் தொட்டது.

டப் என்று ஒரு சத்தம். அப்புறம் புஸ்ஸென்று எட்டுத் திசையிலும் நுரை. அதைச் சொல்லி மாளாது. கற்பூரம், தட்டு, லைன் லீடர் மூன்றும் ஒரே நொடியில் வெள்ளையாகிவிட்டன. மாலையிலிருந்து நுரை சொட்டியது. மேனேஜரின் ஷூ காணாமல் போனது. ஆட்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள், ஓடியவர்களில் பாதிப்பேர் நின்று திரும்பி, பூஜைக்காக லாக்கரிலிருந்து எடுத்து வந்திருந்த போனில் வீடியோ எடுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் ஜடையிலும் முகத்திலும் நுரை வழிய, கை தட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் மாட்டிய சாமான் என் கண் முன்னால் வேலை செய்தது. எனக்கு உள்ளபடியே சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் ஓடவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை. முதல் சத்தம் கேட்டதுமே வண்டியின் பக்கவாட்டுக்குப் பாய்ந்து பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சை இழுத்துவிட்டார். "எல்லாரும் அந்தப் பக்கம் போங்க, வண்டிகிட்ட யாரும் நிக்காதிய" என்று ஒரு குரல் கொடுத்தார். நான் வீட்டில் ஒருநாளும் கேட்காத குரல். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நல்லவேளை பார்த்தார். எலுமிச்சம்பழத்தைச் சரியாக வைக்கிறேன் என்று எங்கள் பெயின்டர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தார். கண்ணில் நுரை விழுந்து அவருக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. அவரைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார், முகத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தீயணைப்பான் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திறந்த கதவுக்கு எதிரே நின்றார். உள்ளே ஒரு பொறிகூட இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் அதைக் கீழே வைத்தார். பிறகு ஆட்களை எண்ணினார், விட்டுப்போனதோ என்று மறுபடியும் எண்ணினார்.

பாலை மறந்துவிட்டுக் கிரிக்கெட் பார்க்கிற மனிதர் இவர்தானா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கை தட்டுவதை எப்போது நிறுத்தியதோ தெரியவில்லை.

மேனேஜர் நுரைக்குள்ளிருந்து ஷூவை எடுத்துக்கொண்டு வந்தார். "சிலிண்டர் பின்ன யார் போடாம விட்டது?" என்று கத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

"சார், பின்னு பூஜைக்கு அப்புறம்தான் போடுவோம், உங்குளுக்கே தெரியும். பின்னு போட்டிருந்தா இந்நேரம் மால எரிஞ்சிருக்கும், வயரு எரிஞ்சிருக்கும். இப்ப இன்னா, கழுவுனா போயிடப் போவுது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சுரங்கத்து அதிகாரி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மீசையெல்லாம் நுரை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை ஊரில் வண்டி வாங்கியிருக்கிறேன், இப்படி ஒரு பரிசோதனையை யாரும் செய்து காட்டியதில்லை, இதே வண்டிதான் எனக்கு வேண்டும், சிலிண்டரை மட்டும் புதிதாக மாட்டிக் கொடுங்கள் என்றார். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஹோஸ் பைப்பை எடுத்தார். "சாமி ஏத்துக்கிச்சுபா, வாங்க, அபிஷேகத்த முடிப்போம்" என்றார். அவரிடம் இப்படி ஒரு பேச்சு இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. லைன் லீடர்தான் பாவம், காலி தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்து அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

வண்டியைக் கழுவி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. இன்ஜின் அறைக்குள் ஒரு பக்கம் நான் துடைத்தேன், மறுபக்கம் அவர் துடைத்தார். நடுவில் டர்போ. அவர் துடைத்து முடித்த துணியை எடுத்தார். பேண்ட் பைக்குத்தான் போகப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டி மூடிபோட்ட டப்பாவில் போட்டார்.

"ஏன், பாக்கெட்ல வெக்கலியா?"

"இது கம்பெனில்லா."

"அப்ப வூடு?"

"வீட்டுலதான் நீ இருக்கியே."

நான் கையை நிறுத்திவிட்டேன். இந்த மனிதர் வீட்டில் எதையும் கவனிக்காமல் இருந்தது, கவனிக்க ஓர் ஆள் இருக்கிறாள் என்கிற தெம்பில்தான். இது எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே! கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

"அங்க நான் இருக்க மாட்டேன்யா."

"தெரியும்ட்டி."

"நீதான் பாக்கணும்."

"பாப்பேன்."

"சரி, போய்ட்டு வா."

அவர் டர்போவுக்கு மேலே தலையை நீட்டி என்னைப் பார்த்தார். முகத்தில் ஆயிலும் நுரையும் அப்பியிருந்தது. "என்ன சொன்ன? இன்னொருக்கா சொல்லு" என்றார். ஒரு தடவைதான் சொல்வேன் என்றேன். வல்லக்கோட்டை முருகன் கடைசியில் வெளியூர்க்காரர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று வீடு வரை பைக்கில் பாடிக்கொண்டே வந்தார்.

அவர் போய் ஏழெட்டு மாதம் ஆகிறது. எங்கள் பூஜையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. பின்னைப் போட்ட பிறகுதான் மணி அடிக்கிறார்கள். கற்பூரம் வாளிக்கு முன்னால் தரையில் மட்டும்தான். நடுவில் ஒருநாள் மேனேஜர் பேட்டரியில் எரிகிற பிளாஸ்டிக் விளக்கு ஒன்றை வாங்கிவந்தார். ஒருவரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அது இப்போது செக்யூரிட்டி மேசையில் இருக்கிறது. என் ஸ்டேஷனுக்கு யாராவது புதிதாக வேலைக்கு வந்தால், லைன் லீடரே அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார். தன் கதையைத் தானே சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு அவரும் தேறிவிட்டார்.

சுரங்கத்துக்குள் போன் கிடையாது. ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் "மேல வந்துட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்புவார். எங்களுக்கும் லைனில் போன் கிடையாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போனைத் திறந்தால் அந்தச் செய்தி இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஜன்னல் வழியே வெளியே பார்க்கத் தோன்றும்.

போன வாரம் ஒருநாள் அது இல்லை.

பஸ் கிளம்பிவிட்டது. அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. நெட் சரியில்லை போலிருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன். போனை அணைத்துப் போட்டேன். மறுபடி அழைத்தேன். பக்கத்தில் இருந்தவள் சீட்டுக் கம்பெனிக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தாள். தலையை மட்டும் ஆட்டினேன், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. நான் கட்டிய ஹோஸ் ஒவ்வொன்றும் எங்கே வளைகிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று கண்ணுக்குள் ஓடியது. எங்கேயும் தப்பு தெரியவில்லை. அதனால் பயம் குறையவும் இல்லை.

வல்லக்கோட்டை நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது.

"மேல வந்துட்டேன்" என்றார்.

"இன்னாயா, எங்க போய்த் தொலஞ்ச? எவ்ளோ நேரமா போன் பண்ணிகினு கீறேன்!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, கொஞ்சம் கேளு. நம்ம வண்டி இல்ல, கூட ஓடுத வேற ஒரு வண்டி. டர்போ பக்கத்துல ஒரு ஹோஸ் வேர்த்திருந்துச்சு. தொட்டுப் பாத்தா ஆயில். சாவிய உருவி வச்சிக்கிட்டு, ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கல்லு அள்ளுத வேலை அப்படியே நின்னு போச்சி. பெரிய ஆளுக வந்து திட்டுனாவ பாரு, இந்தில எனக்குத் தெரியாத வார்த்தயெல்லாம் இன்னைக்குத்தான் கேட்டேன். ஒரு நடை மட்டும் ஓட்டு, பொறவு மாத்திக்கலாம்னு சொன்னாவ. நான் சாவியக் குடுக்கலையே. ஹோஸ மாத்தி, சிந்துன ஆயிலக் கழுவித் தொடச்சிட்டுத்தான் மேல வாரேன்."

"அவ்ளோ பேரு திட்டியுமா குடுக்கல? பயமா இல்லியா உனுக்கு?"

"அவிய திட்டுனா இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் விட்டுரலாம். சாவியக் குடுத்துட்டு வந்தேன்னு ஒன்கிட்ட எப்படிச் சொல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் கதையை நிறுத்திவிட்டு, "இன்னாக்கா, எதுனா ஆயிடிச்சா?" என்று பதறினாள்.

ஒன்றும் ஆகவில்லை என்றேன். அதைச் சொல்லும்போதே மறுபடி அழுகை வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்துதான் வீட்டுக்கு வந்தேன், வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டே.